பெயர் சொல்லாத சமாதானம்

நத்தார் நள்ளிரவுப் பூசையில் இந்த முறையும் சமாதானத்துக்குக் குறைவில்லை. மனதில் சமாதானம், குடும்பத்தில் சமாதானம், ஃபோனைக் கொஞ்சம் கீழே வைத்தால் வீட்டில் சமாதானம். ஆனால் காஸா என்ற சொல் பிரசங்கத்தில் ஒருக்காலும் வரவில்லை. மன்றாட்டிலும் வரவில்லை.

இந்த 2023 நத்தாருக்கு பெத்லகேமிலேயே கொண்டாட்டம் இல்லை. அங்குள்ள லூத்தரன் கோயிலில் பாலனை இடிபாட்டுக் கற்களுக்கு நடுவில் கிடத்தியிருந்தார்கள். காஸாவின் திருக்குடும்பக் கோயில் வளவுக்குள் டிசம்பர் 16 அன்று ஒரு தாயும் மகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாளே பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களின் பெயரைச் சொல்லிப் பேசினார். பாப்பரசர் சொன்னதை எங்கட பங்கில் ஏன் சொல்லேலாது?

"கோயிலுக்குள்ள அரசியல் வேண்டாம்" என்பார்கள். அப்ப மத்தேயு நற்செய்தியை என்ன செய்யிறது? ஏரோது குழந்தைகளைக் கொன்றதும், பாலனைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடினதும் அரசியல் இல்லையோ? அந்தக் குழந்தைகளுக்குத் திருச்சபை டிசம்பர் 28இல் திருநாளே வைத்திருக்கிறது. ஏரோதின் பெயரைச் சொல்லப் பயமில்லை, அவன் செத்து 2000 வருசம்.

1995 ஜூலை 9, நவாலி சென் பீற்றர்ஸ் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். உலகம் வாய் திறக்காதா என்று அன்றைக்குக் கேட்டது எங்கட அம்மா அப்பாமாரின் தலைமுறை. அந்தச் சனத்தின் கோயில்களே இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தக் கேள்விக்கு என்ன பெறுமதி?

சுவாமிமாரிடம் நாங்கள் கேட்பது மன்றாட்டில் ஒரு வரி. கொல்லப்படுகிற சனத்தின் ஊர்ப் பெயரோடு.