தராசு முள்ளும் மூன்றாவது வடையும்

"இரைப்பையை வெட்டிக் குறைத்த பின்னரும் மறுபடி பருத்துவிட்டீரே!" கலியாண வீட்டுப் பந்தியில் நண்பரொருவர் கேட்டார். அவர் கையில் மூன்றாவது வடை.

நாவை அடக்கத் தெரியாதவன் என்பதே அவரது தீர்ப்பு. அதனை நான் ஏற்கமாட்டேன். சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வைப் பாருங்கள். இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை பெற்றோர் முதல் இரண்டாண்டுகளுள் சராசரியாக 32 சதவீத நிறையை இழந்தனர். பத்தாண்டுகளின் பின் அவ்விழப்பு 25 சதவீதமாயிற்று. ஆயினும், சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மரணம் குறைவென அவ்வாய்வு 2007இல் அறிவித்தது. சில கிலோ மீள ஏறுவது ஒழுக்கக்கேடன்று, உடலின் இயல்பு.

ஆறாண்டுகளின் பின்னும் சிறிய கோப்பையில், மீனையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றை இறுதியிலேயே தொடுகிறேன். விற்றமின் மாத்திரைகளை விடவில்லை. எனது இலக்கு தராசு முள்ளன்று. மூச்சிரைக்காது மாடியேறுவதும் இரத்தச் சீனியின் கட்டுப்பாடுமே.

"இன்னும் ஓர் அகப்பை" என வற்புறுத்துவோரும், பின்னர் வயிற்றைப் பார்த்து நகைப்போரும் ஒருவரே. அன்பர்களே, 'போதும்' என்றால் அகப்பையைக் கீழே வையுங்கள். அதுவே உபசாரம்.