ஐஸில் இருந்த மீன் கெடுவது ஏன்?

கோடை வந்துவிட்டால் திருத்தணியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் வெயில் கொளுத்தும் ஊர்களின் பட்டியலில் அதன் பெயர் அடிக்கடி வரும்.

அதே கோடையில்தான் மீன்பிடி தடையும் வருகிறது. ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருகட்டும் என்று சர்க்கார் போட்ட தடை இது. முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017-ம் ஆண்டில் 61 நாட்களாக நீண்டது.

இந்த நாட்களில் சென்னை காசிமேட்டில் மீன் வரத்து குறைந்துவிடும். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் கிடைக்கும். மற்ற மீன் எங்கிருந்து வருகிறது?

மேற்குக் கடற்கரையில் ஜூன் மாதத்தில்தான் தடை தொடங்கும். ஆகவே கேரளத்து மீன் இங்கே வருகிறது. ஆந்திராவின் ரோகு, கட்லா ஆகிய வளர்ப்பு மீன்கள் லாரியில் வருகின்றன. குளிர்பதனக் கிடங்கில் வைத்திருந்த மீனும் சந்தைக்கு வருகிறது.

அதாவது, வெயில் மிக அதிகமான நாட்களில் மீன் மிக நீண்ட தூரம் பயணம் செய்கிறது. திருத்தணி கடற்கரை ஊர் அல்ல. சென்னையிலிருந்தே 80 கிலோமீட்டருக்கு மேல். வழியில் குளிர் குறைந்தால் கெடுதல் யாருக்கு? வாங்கிச் சாப்பிடும் நமக்குத்தான்!

5 டிகிரி செய்யும் வேலை

மீன் செத்த உடனேயே கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடும். குளிர் அவற்றைக் கொல்வதில்லை, வேகத்தைத்தான் குறைக்கிறது.

ஐஸுக்குள் 0 டிகிரியில் 10 நாள் தாங்கும் மீன், 5 டிகிரியில் 4 நாள்தான் தாங்கும். 10 டிகிரியில் இரண்டரை நாள்தான். கையில் தொட்டால் இந்த மூன்று மீனும் ‘ஜில்’லென்றுதான் இருக்கும். ஆனால் ஆயுள் வேறு!

இன்னொரு ஆபத்தும் உண்டு. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் உஷ்ணத்தில் கிடந்தால், அவற்றில் ‘ஹிஸ்டமின்’ என்ற பொருள் உண்டாகும். அது அதிகமானால் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இது போகாது. மீனை மறுபடி ஐஸில் போட்டாலும் போகாது.

உறைந்த மீனின் கதை

கிடங்கில் மாதக்கணக்கில் வைக்கும் மீனை மைனஸ் 18 டிகிரியில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைக்கவேண்டும். இது உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு.

மீன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். வேகமாக உறைய வைத்தால் அந்தத் தண்ணீர் பொடிப்பொடி ஐஸ் மணிகளாகும். சதைக்குக் கெடுதல் இல்லை.

கரண்ட் போகிறது, கிடங்குக் கதவு திறந்தே கிடக்கிறது, லாரியிலிருந்து இறக்கிய பெட்டி வெயிலில் நிற்கிறது. அப்போது என்ன ஆகும்? சிறு ஐஸ் மணிகள் கரைகின்றன. மறுபடி குளிர் ஏறும்போது அவை பெரிய மணிகளாகிச் சதையைக் கிழித்துவிடுகின்றன. சமைக்க எடுத்தால் தண்ணீர் ஒழுகும். சதை சக்கையாக இருக்கும். ருசியும் சத்தும் தண்ணீரோடு போய்விடும்.

ஆகவே குளிர் இருந்தால் மட்டும் போதாது. ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருக்கவேண்டும்.

1 கிலோ ஐஸின் கணக்கு

30 டிகிரி உஷ்ணத்தில் உள்ள 3 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1 கிலோ ஐஸ் வேண்டும். குளிர வைப்பதற்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. வழியில் ஏறும் வெயிலுக்கு வேறு ஐஸ் வேண்டும். அதனால்தான் 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் போடச் சொல்கிறார்கள்.

மேலே நாலு கட்டி வைத்தால் போதாது. நொறுக்கிய ஐஸை அடியிலும் நடுவிலும் மேலேயும் பரப்பவேண்டும்.

ஐஸுக்குச் செலவு செய்ய மனமில்லாத சிலர் ‘பார்மலின்’ தடவுகிறார்கள். பிணத்தைக் கெடாமல் வைக்கும் மருந்து அது! 2018 ஜூன் மாதத்தில் கேரள எல்லையில் இப்படிப்பட்ட மீன் பிடிபட்டது. அடுத்த மாதம் அஸ்ஸாமும் கோவாவும் வெளிமாநில மீனுக்குத் தற்காலிகத் தடை விதித்தன. பார்மலின் இருப்பதைச் சில நிமிஷங்களில் காட்டும் காகிதத் துண்டை, கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் கண்டுபிடித்திருக்கிறது.

யார் செய்யவேண்டும்?

கூடையில் மீன் விற்கும் அம்மாவிடம் குளிர் அறை இல்லை. மீதியான மீனை மறுநாள் வரை காப்பாற்ற அவருக்கு நல்ல பெட்டியும் மலிவான ஐஸும் வேண்டும்.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பாக்டரி, குளிர்சாதன வண்டி, ஐஸ் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு மானியம் உண்டு. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். கடலோர ஊர்களோடு நின்றுவிடாமல், மீன் வந்து சேரும் உள்ளூர்ச் சந்தைகளுக்கும் இந்த உதவி எட்டவேண்டும். கோடைக்கு முன்பே எட்டவேண்டும்.

தாய்மார்கள் கவனத்துக்கு

• கண் தெளிவாக, புடைத்து இருக்கவேண்டும். குழி விழுந்த கண் பழைய மீனைக் காட்டும்.

• செவுள் சிவப்பாக இருக்கவேண்டும். சதையை அழுத்தினால் குழி உடனே மறையவேண்டும்.

• உறைந்த மீன் பாக்கெட்டுக்குள் பனித்தூள் நிறைய இருந்தாலோ, சதையில் வெள்ளைத் திட்டு இருந்தாலோ, குளிர் ஏறி இறங்கியது என்று அர்த்தம்.

• மீனைக் கடைசியாக வாங்குங்கள். நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

• கரைந்த மீனை மறுபடி உறைய வைக்காதீர்கள். அன்றே சமைத்துவிடுங்கள்.

• கரண்ட் போனால் பிரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள்.

விலை கேட்கும்போதே, “ஐஸ் எப்போது போட்டீர்கள்?” என்றும் கேளுங்கள். வாங்குபவர் கேட்டால்தான் விற்பவர் கவனிப்பார்!