பதினாறு கிலோ கற்கள்



உங்களிடம் ஒரு கேள்வி. கைகால்கள் குளிரில் விறைத்துவிட்டன. வயிறாரச் சாப்பிட உணவில்லை. முகாமுக்குப் போய்ச் சேர இன்னும் பல நூறு கிலோமீட்டர் பனியில் நடக்க வேண்டும். இந்நிலையில், நீங்களே இழுத்துச் செல்லும் வண்டியில் 16 கிலோ கற்களை ஏற்றிக்கொள்வீர்களா?

1912 பிப்ரவரியில் தென் துருவத்திலிருந்து திரும்பிய ஐவர் அவ்வாறு செய்தனர். அவர்களின் தலைவர் ராபர்ட் ஸ்காட் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி. ஜனவரி 17இல் அவர்கள் துருவத்தை அடைந்தபோது பெரும் ஏமாற்றம் காத்திருந்தது. 1911 டிசம்பர் 14ஆம் நாளே நார்வே நாட்டு அமுண்ட்சென் அங்கு வந்து போயிருந்தார்!

திரும்பும் வழியில், பியர்ட்மோர் பனியாற்றின் அருகே, இலைகளின் அச்சுப் பதிந்த கற்களை டாக்டர் வில்சன் கண்டார். அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டனர். சில நாட்களில் எவான்ஸ் இறந்தார். தன்னால் மற்றவர்கள் தாமதப்படக் கூடாதென்று ஓட்ஸ் பனிப்புயலுக்குள் நடந்து மறைந்தார். எஞ்சிய மூவரும், அடுத்த உணவுக் கிடங்குக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், கூடாரத்திலேயே உயிர் நீத்தனர். நவம்பரில் தேடிச் சென்றவர்கள் அவர்களது உடல்களையும் நாட்குறிப்புகளையும் கண்டெடுத்தனர். வானிலைக் குறிப்பேடும் கற்களும் அங்கேயே இருந்தன.

"கற்களை எறிந்திருந்தால் பிழைத்திருப்பார்களே!" என்பவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. கடுங்குளிரும், போதாத உணவும், கிடங்குகளில் குறைந்துபோன மண்ணெண்ணெயும்தான் அவர்களை வீழ்த்தின. ஸ்காட்டின் திட்டத்தில் குறைகள் இருந்தன. அமுண்ட்செனின் வண்டிகளை நாய்கள் இழுத்தன. இவர்களோ பெரும்பகுதித் தொலைவைத் தாங்களே இழுத்துக் கடந்தனர். இக்குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கற்களைச் சுமந்ததை அக்குறைகளோடு சேர்க்கக் கூடாது.

ஏன் தெரியுமா? அந்த இலைகள் குளோசாப்டெரிஸ் என்னும் பண்டைத் தாவரத்தினுடையவை. அத்தாவரம் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்தது. அதன் பதிவுகள் நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளிலும் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களிலும் கிடைக்கின்றன. இத்தனை கடல்களையும் ஒரு செடி எவ்வாறு கடந்தது? அது கடக்கவில்லை! அன்று இந்நிலங்கள் யாவும் ஒன்றாக இணைந்திருந்தன, பின்னரே பிரிந்தன. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் அறிவித்ததும் அதே 1912இல்தான். பல்லாண்டுகள் மறுத்த அறிவியல் உலகம் 1960களில் அதை ஏற்றது. அதற்கான சான்றுகளுள் குளோசாப்டெரிஸும் ஒன்று.

துருவத்தை முதலில் தொடும் போட்டியில் அவர்கள் தோற்றனர். கண்டதைப் பாதுகாத்துப் பிறரிடம் சேர்க்கும் கடமையில் தோற்கவில்லை. என்னைக் கேட்டால், இதுவே உண்மையான விடாமுயற்சி.

நாளை உங்கள் சோதனையும் தவறிப் போகலாம். எதிர்பார்த்த விடை வராமல் போகலாம். அப்போது குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்தெறியாதீர்கள். கண்டதைக் கண்டபடியே எழுதி வையுங்கள். உங்களுக்குத் தோல்வியாகத் தோன்றும் அந்தப் பக்கம் பின்னால் வருபவருக்கு வழிகாட்டக்கூடும்.