ஜூலு பக்கம் யார் உட்காருவது?

மேசைமீது பொம்மை வீரர்களை நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டில், புதிதாக எழுதிய களம் ஒன்றை நண்பர்களோடு வெள்ளோட்டம் விடும்போது முதலில் எழுகிற கேள்வி, இரு தரப்புக்கும் வெற்றி வாய்ப்பு சமமா என்பதுதான். காலனியப் போர்களைப் பொறுத்தவரை அதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். ஈட்டி ஏந்திய தரப்பை ஆடுபவருக்கு யோசிக்க ஏதாவது இருக்கிறதா என்பதே முன்னால் வரவேண்டிய கேள்வி. குழுவிலேயே கெட்டிக்காரரை அந்தப் பக்கம் உட்காரவையுங்கள். மூன்றாவது சுற்றில் அவர் கைப்பேசியை எடுத்துவிட்டால், பகடைக் கணக்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அந்தக் களம் தேறாது.

தென்னாப்பிரிக்காவில் இசாண்டில்வானா மலையடியில் பிரிட்டிஷ் முகாமை ஜூலுக்கள் தாக்கிய சண்டையையே எடுத்துக்கொள்வோம். 1879 ஜனவரி 22. பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்டு பிரபு படையில் ஏறக்குறைய பாதியைக் கூட்டிக்கொண்டு, விடியுமுன்பே ஜூலு படையைத் தேடிப் போய்விட்டார். முகாமில் சுமார் 1,700 பேர். தேடப்பட்ட படையோ, ஏறத்தாழ 20,000 பேர், சில மைல் தள்ளி ஒரு பள்ளத்தாக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அன்று மாலைக்குள் முகாமில் 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள். அலையலையாக வந்து விழுந்த கூட்டம் என்று இதை எழுதிவிடுவது சுலபம். ஆனால் ஜூலு படை காளை மாட்டின் உருவில் பிரிந்து வந்தது. மார்புப் பகுதி மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு எதிரே ஓடைப் பள்ளங்களில் பதுங்கிக் குண்டடி பட்டுக்கொண்டிருக்க, இடக் கொம்பு பிரிட்டிஷ் அதிகாரி டர்ன்ஃபோர்டின் குதிரைவீரர்களைச் சுற்றிப் போனது. வலக் கொம்பு மலைக்குப் பின்னால் நழுவி, ஆற்றங்கரைக் காவல் நிலையமான ரோர்க்ஸ் டிரிஃப்டுக்குத் திரும்பும் பாதையை அடைத்தது. கொம்புகள் போய்ச் சேரும்வரை மார்பு எத்தனை சுற்று தாங்கும்? ஆட்டக்காரருக்கு இதைவிட நல்ல சிக்கல் கிடைக்காது.

மறுப்பு ஒன்று உண்டு, லேசானதும் அல்ல. எதிரிக் குதிரைவீரர்கள் கண்ணில் பட்டதும் ஜூலு அணிகள் உத்தரவுக்குக் காத்திராமல் தாமாகவே கிளம்பிவிட்டன. எனவே அவர்களைப் பகடையே நகர்த்தட்டும், ஆள் எதற்கு என்பார்கள். பாதி உண்மை. அன்று தாக்கும் திட்டமே இல்லைதான். ஆனாலும் தளபதி என்ட்ஷிங்வாயோ பின்படையைப் பிடித்து நிறுத்தினார். அதே பின்படைதான் பிறகு, மன்னர் செட்சுவாயோவின் சொல்லை மீறி, அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி டபுலமான்சியின் தலைமையில் எல்லை ஆற்றைக் கடந்துபோய், ரோர்க்ஸ் டிரிஃப்டில் சுமார் 150 பேரிடம் முட்டி மோதித் திரும்பியது. நிறுத்துவதும் மீறுவதும் மனிதர் எடுத்த முடிவுகள்தானே? கட்டுப்பாட்டில் பிரிட்டிஷ் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? டர்ன்ஃபோர்டு முகாமை விட்டுத் தன் போக்கில் வெளியே போனார். முகாமுக்குப் பொறுப்பாயிருந்த புல்லெய்ன் தன் வரிசையை மெலிந்துபோகும் அளவுக்கு நீட்டினார். பகடை ஆட்டிவைக்க வேண்டுமென்றால் இருவரையும் ஆட்டிவைக்கட்டும். லாரி ப்ராம் 1979இல் வெளியிட்ட ‘தி ஸ்வார்ட் அண்ட் தி ஃப்ளேம்’ விதிகளில் எந்தத் தரப்பின் அணி நகரும் என்பதை உருவும் சீட்டு சொல்கிறது. தளபதி செஞ்சட்டைக்காரர் என்பதற்காக அது சலுகை காட்டுவதில்லை.

சரி, துப்பாக்கிக்கும் ஈட்டிக்கும் சமநிலை எங்கே? பிணக்கணக்கில் தேடினால் அகப்படாது. வென்ற நாளிலேயே ஜூலுக்கள் ஆயிரம் பேரையாவது இழந்தார்கள். அவர்கள் சம்பளப் பட்டாளம் அல்ல; மாடும் வயலும் வீட்டில் காத்திருந்த குடியானவர்கள். லண்டன் கப்பல் கப்பலாக ஆளனுப்பியது. செட்சுவாயோவுக்கு அந்த வசதி இல்லை. மார்ச் 29 அன்று காம்புலாவில் பிரிட்டிஷார் அரண் செய்த முகாமோடு மோதி நொந்த படை, ஜூலை 4இல் உலுண்டியில் ஒரேயடியாக உடைந்தது. எனவே ஜூலு பொம்மை ஒன்று விழுந்தால் கழிக்கும் புள்ளி, செஞ்சட்டைப் பொம்மைக்குக் கழிப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஈட்டிக்காரன் உயிரை மலிவாக்கி, எண்ணிக்கையைக் கூட்டிச் சமன்செய்வது சோம்பேறித்தனம். வெற்றிப் புள்ளியைப் பாதைக்கும் பொழுதுக்கும் கொடுங்கள்: செம்ஸ்ஃபோர்டு திரும்புமுன் வழி அடைபட்டதா, கையில் எத்தனை அணி தேறியது?

இதில் நண்பர்களால் வரும் தொல்லை, எல்லோருக்கும் கதை தெரியும் என்பது. வண்டிகளை வளைத்து அரணாக நிறுத்து என்பதுதான் பிரிட்டிஷ் ஆட்டக்காரரின் முதல் கட்டளையாக இருக்கும். செம்ஸ்ஃபோர்டு செய்யாமல் விட்ட வேலை அது. இதற்கு விதி போட்டுத் தடுப்பதைவிட, ஊர்ப்பெயரையும் மலையின் வடிவத்தையும் மாற்றி, ஜூலு பொம்மைகளைப் பெட்டியிலேயே வைத்து, நடுவர் ஒருவர் தாளில் மட்டும் நகர்த்தி, கண்ணில் பட்ட பிறகே மேசைக்குக் கொண்டுவருவது நல்லது.