வழக்கு வளர்கிறது, பிள்ளையும் வளர்கிறது

மணமுறிவு கேட்டு நீதிமன்றம் செல்பவர்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்பது, எவ்வளவு நாள் ஆகும் என்பதுதான். சட்டப் புத்தகத்தில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது, 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 21பி பிரிவு. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். அந்த 'முயல வேண்டும்' என்ற சொல்லுக்குள் எத்தனை ஆண்டுகள் ஒளிந்திருக்கின்றன என்பதைச் சென்னைக் குடும்ப நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு முற்பகல் நின்றால் அறிந்துகொள்ளலாம்.

மனமொத்துப் பிரிகிறவர்களுக்குச் சிக்கல் குறைவு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தையும் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஜீவனாம்சமும் பிள்ளையின் பொறுப்பும் முன்பே பேசித் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. துரோகம் நிகழ்ந்த வீட்டில் இந்தப் பேச்சுதான் நடப்பதில்லை. 'அவள் தவறியவள் என்று தீர்ப்பில் எழுதப்பட வேண்டும்' என்கிறார் கணவர். 'அவர் வேறொருத்தியோடு வாழ்ந்தார் என்பது பதிவாக வேண்டும்' என்கிறார் மனைவி. வேண்டுவது விடுதலை மட்டுமல்ல, ஒரு சான்றிதழும்கூட. வழக்கின் நீளம் பெரும்பாலும் அந்தச் சான்றிதழுக்கான விலை என்பது என் எண்ணம்.

1976 வரை, பிறர் உறவில் 'வாழ்ந்து வருவதாக' நிரூபித்தாக வேண்டும். அவ்வாண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரேயொரு நிகழ்வே மணமுறிவுக்குப் போதும். ஆனால் படுக்கையறைக்கு யார் சாட்சி? விடுதிப் பதிவேடு, கைப்பேசிச் செய்திகள், ஒலிப்பதிவு என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆட்சேபம், ஒரு குறுக்கு விசாரணை, ஒரு வாய்தா. துணைக்குத் தெரியாமல் பதிவுசெய்த உரையாடலையும் மணவழக்குகளில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இனி ஆட்சேபம் குறையலாம்; கேட்கவேண்டிய ஒலிப்பதிவுகள் பெருகும்.

இவ்வளவு பாடுபட்டு நிரூபித்த துரோகம் பிள்ளையைப் பெற்றுத் தருகிறதா? பெரும்பாலும் இல்லை. பிள்ளையின் நலனே முதன்மை என்பது நிலைபெற்ற சட்டம். கெட்ட கணவன் கெட்ட தகப்பனாகத்தான் இருப்பான் என்றோ, தவறிய மனைவி தாயாகத் தகுதியற்றவள் என்றோ நீதிமன்றங்கள் தாமாக முடிவு கட்டுவதில்லை. 2023 பிப்ரவரியில் ஒரு கணவர் மனைவியின் துரோகத்தை நிரூபிக்கப் பிள்ளைக்கு மரபணுச் சோதனை கேட்டார். நீதிபதிகள் ராமசுப்பிரமணியனும் நாகரத்னாவும் மறுத்தார்கள். பெற்றோர் சண்டையில் பிள்ளையைச் சாட்சியப் பொருளாக்கக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பின் சாரத்தை, என்னால் முடிந்தால், ஒவ்வொரு குடும்ப நீதிமன்ற வாசலிலும் தொங்கவிடுவேன்.

நம் மருதத் திணையில் இதே மூவரும் உண்டு. பரத்தையிடமிருந்து மீளும் தலைவனுக்குச் சில சமயம் புதல்வனே வாயில். ஊடிய தலைவி பிள்ளையின் பொருட்டுக் கதவு திறப்பாள். அந்தத் தலைவி எவ்வளவு விழுங்கிக்கொண்டு திறந்தாள் என்று உரையாசிரியர்கள் அதிகம் கவலைப்பட்டதில்லை. அது வேறு கட்டுரை. இன்று பிள்ளை இருவருக்கும் இடையே வாயிலாக அல்ல, வழக்கின் இணைப்பு ஆவணமாக நிற்கிறது.

காலம் வாளாவிருப்பதில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும். வழக்குத் தொடங்கும்போது குழந்தைக்கு நான்கு வயது என்று கொள்ளுங்கள். முடியும்போது எட்டு அல்லது ஒன்பது. தொடக்கத்தில் பொருந்திய விதி இப்போது பொருந்தாது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம், விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் யார் வீட்டில் வளர்ந்ததோ அவர் பெயரையே பிள்ளை சொல்லும். ஞாயிறுதோறும் சில மணி நேரம் மட்டும் பார்த்த மற்றவர், அதன் பள்ளித் தோழர்களின் பெயர்கூட அறியாத விருந்தாளி. பழகிய சூழலைக் குலைக்க நீதிபதிக்கும் மனம் வராது. ஆகவே வாய்தா வாங்குவது சோம்பல் மட்டுமல்ல. பிள்ளையைக் கைவசம் வைத்திருப்பவருக்கு அது மிகச் சிறந்த வாதம்.

இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் 2001இல் ஒரு வரம்பு சேர்த்தார்கள். வழக்கு நடக்கும்போது பிள்ளையின் பராமரிப்பு, கல்வி குறித்த மனுக்களை அறிவிப்பு சேர்ந்த அறுபது நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும். பள்ளிக் கட்டணத்துக்கு அறுபது நாள். அந்தப் பிள்ளை யாரிடம் வளர்வது என்பதற்கு அந்த வரியில் இடமில்லை. அதையும் அங்கே சேர்க்க வேண்டும். துரோக வழக்கிலிருந்து அதைப் பிரித்து முதலில் கேட்கவும் வேண்டும். சான்றிதழ் வேண்டுபவர்கள் பத்தாண்டுகூடக் காத்திருக்கட்டும், அவர்கள் பெரியவர்கள்.