சிங்கம் படுக்கும் நிலத்துக்குக் குத்தகை

கென்யா போய்வந்தவர்களின் கைப்பேசியில் தவறாமல் ஒரு சிங்கம் இருக்கும். படத்தை விரலால் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரத்தில் இன்னொரு ஜீப்பின் பம்பர் தெரியும். என் படத்திலும் தெரிகிறது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வில்டபீஸ்ட் கூட்டம் செரெங்கெட்டியிலிருந்து மாரா ஆற்றைத் தாண்டி வரும் காலம். அப்போது நம்மூர் டிராவல்ஸ்காரர்கள் போடும் விளம்பரங்களிலும் அந்தச் சிங்கம்தான் கதாநாயகன். அது எங்கே படுத்திருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பல நேரம் அது படுத்திருப்பது பட்டா நிலத்தில். பட்டா ஒரு மசாய்க் குடும்பத்தின் பெயரில் இருக்கும். இந்த வாரம் அந்தப் பட்டாதாரரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

மசாய் மாரா என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை நிலம் இருக்கிறது. ஒன்று நரோக் கவுன்டி அரசின் கீழ் இருக்கும் தேசிய ரிசர்வ், சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். மற்றது அதன் வடக்கிலும் கிழக்கிலும் ஒட்டிக் கிடக்கும் கன்சர்வன்சிகள். பதினைந்துக்கும் மேல் இருக்கின்றன. சேர்த்துப் பார்த்தால் பரப்பு ஏறக்குறைய ரிசர்வுக்குச் சமமாக வரும். நடுவே வேலி இல்லை, விலங்குகள் இஷ்டத்துக்குப் போய்வருகின்றன. காசு போகும் வழிதான் வேறு. ரிசர்வுக்குள் நுழைய வெளிநாட்டுக்காரருக்கு 2024 முதல் ஆண்டின் முற்பாதியில் நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலைக்குப் பிறகு 200 டாலர். அது கவுன்டி கஜானாவுக்குப் போகிறது. கன்சர்வன்சியில் லாட்ஜ்காரர்கள் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். பணம் மாதாமாதம் பட்டாதாரருக்குப் போகிறது.

இந்தப் பட்டா வந்த கதை நீளமானது. 1904, 1911 ஆண்டுகளில் போட்ட ஒப்பந்தங்களைக் காட்டி, பிளவுப் பள்ளத்தாக்கிலும் லைக்கிப்பியாவிலும் இருந்த நல்ல மேய்ச்சல் நிலங்களிலிருந்து மசாய்களைப் பிரிட்டிஷ்காரர்கள் தெற்கே தள்ளினார்கள். விடுதலைக்குப் பிறகு 1968இல் வந்த சட்டம், எஞ்சிய நிலத்தைக் கூட்டுப் பட்டாவாக அவர்களுக்குக் கொடுத்தது. 'குரூப் ராஞ்ச்' என்று பெயர். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அதையும் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டார்கள். ரிசர்வின் வடக்கே கோயாக்கியில் ஒருவருக்குச் சுமார் 150 ஏக்கர் வந்தது. நம் கணக்கில் அவர் மிராசுதார். அங்கே அப்படி இல்லை. மழை ஒரு பக்கம் பெய்யும், மறு பக்கம் பொய்க்கும். மாடு மழையைத் தேடி நடந்தாக வேண்டிய பூமியில் 150 ஏக்கரை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வேலி போடலாம், விற்கலாம், உழுகிறவனுக்குக் குத்தகைக்கு விடலாம்.

விட்டால் என்ன ஆகும் என்பது பக்கத்திலேயே நடந்திருந்தது. மாராவுக்குக் கிழக்கே லொய்ட்டா சமவெளி என்று ஒன்று. செரெங்கெட்டிக் கூட்டத்தைச் சேராத, கென்யாவுக்குள்ளேயே சுற்றிவரும் வில்டபீஸ்ட்கள் கன்று ஈன்ற புல்வெளி அது. அங்கே கோதுமை வந்தது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து டிராக்டர் விட்டார்கள். 1977இல் 1,20,000 அளவில் இருந்த அந்த வில்டபீஸ்ட்கள் இருபது ஆண்டில் 22,000க்குச் சுருங்கிவிட்டன. யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. கென்யாவில் வேட்டைக்கு 1977 முதல் தடை இருக்கிறது. கோதுமைக்காரன் ஏக்கருக்குக் காசு கொடுத்தான், வில்டபீஸ்ட் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கன்சர்வன்சி இந்தக் கணக்கைத்தான் திருப்பிப் போட்டது. 2005இல் ஓல் கின்யெய், 2006இல் ஒலாரே ஓரோக், 2010இல் நபோய்ஷோ என்று வரிசையாக வந்தன. நபோய்ஷோவில் மட்டும் சுமார் 500 குடும்பங்கள் 50,000 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்தன. ஏற்பாடு எளிமையானது. பக்கத்துப் பக்கத்துப் பட்டாதாரர்கள் வரப்பு பார்க்காமல் நிலத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வேலி போடுவதில்லை, வீடு கட்டுவதில்லை, மாட்டை முறைவைத்து மேய்க்கிறோம் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். லாட்ஜ்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கட்டுகிறார்கள். பணம் வங்கிக் கணக்குக்கோ கைப்பேசிப் பணப்பைக்கோ நேரே போய்விடும். முன்பெல்லாம் ரிசர்வ் வருமானத்தில் ஊருக்கு ஒரு பங்கு என்று கமிட்டி கையில் கொடுத்துப் பார்த்தார்கள். கமிட்டி கைக்குப் போன பணம் என்ன ஆகும் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நிலம் பெரியது, கூடாரம் குறைவு என்பது இன்னொரு நிபந்தனை. ஓல் கின்யெய்யில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம்தான். விலை எகிறுவதற்கு அது ஒரு காரணம். அந்த விலையில் என்ன கிடைக்கிறது என்று எங்களுக்கு முதல் மாலையே தெரிந்தது. புதர் நிழலில் சிங்கக் குடும்பம் ஒன்று படுத்திருப்பதாக ரேடியோவில் சேதி வந்தது. போய்ச் சேர்ந்தால் அங்கே ஏற்கெனவே ஐந்து வண்டிகள். எங்கள் வழிகாட்டி தூரத்திலேயே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டார். ஓரிடத்தில் ஐந்து வண்டிக்கு மேல் கூடாது, ஒன்று கிளம்பினால்தான் அடுத்தது போகலாம். கூட வந்த நண்பருக்குப் பொறுக்கவில்லை. “இவ்ளோ கொட்டிக் கொடுத்துட்டு வந்து கியூவுல நிக்கணுமா சார்?” என்றார் என்னிடம்.

நின்ற நேரத்தில் வழிகாட்டியோடு பேச்சு வளர்ந்தது. அவர் அந்தப் பக்கத்துக்காரர்தான். ஓடைக்கு அப்பால் தெரிந்த மேட்டைக் காட்டி, அதை ஒட்டித்தான் எங்கள் அப்பாவின் நிலம் என்றார். குத்தகைப் பணத்தில் தங்கை விடுதியில் தங்கிப் படிக்கிறாளாம். “அப்போ அப்பாவுக்குச் சிங்கம்னா ரொம்பப் பிடிக்கும்” என்று நண்பர் சொல்லி வைக்க, அவர் தலையாட்டி மறுத்தார். “போன வருஷம் எங்கள் மாடு இரண்டை அடித்தது. சிங்கத்தை அவருக்குப் பிடிக்காது. குத்தகையைப் பிடிக்கும்.” சிரிக்காமல்தான் சொன்னார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. காட்டுயிர் பற்றிப் பேசும்போது 'பழங்குடிகள் இயற்கையோடு இயைந்து வாழ்பவர்கள்' என்று ஒரு பாட்டு பாடுவோம். அதைப் பாடிவிட்டு, சிங்கம் அடித்த மாட்டின் நஷ்டத்தை அவர்கள் தலையில் கட்டிவிடுவோம். 2015 டிசம்பரில் ரிசர்வுக்குள் நடந்ததை நினைத்துக்கொள்ளலாம். பிபிசி தொடரால் உலகப் புகழ் பெற்ற மார்ஷ் கூட்டத்துச் சிங்கங்கள் மாடுகளை அடித்தன. செத்த மாட்டில் பூச்சிமருந்து தடவி வைத்தார்கள். பிபி என்று பெயர் சூட்டி ரசிகர்கள் கொண்டாடிய கிழட்டுப் பெண்சிங்கம் உட்படச் சில சிங்கங்கள் செத்தன. விஷம் வைத்தவர்களைப் பிடித்தார்கள், சரிதான். ஆனால் அந்தச் சிங்கங்களை டிவியில் காட்டிச் சம்பாதித்த பணத்தில் அந்த மாட்டுக்காரர்களுக்கு என்ன வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. மறுபுறம், மாரா கன்சர்வன்சிகளின் சிங்கங்களைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, கன்சர்வன்சியில் சேர்ந்து பலன் பெறும் குடும்பங்கள் இருக்கும் இடத்தில் சிங்கம் பிழைத்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்றது. அன்பு கூடியதால் இது நடந்தது என்று நான் நம்பவில்லை.

ஏற்பாட்டில் குறை இல்லையா என்றால், நிறையவே உண்டு. மறுநாள் சாயங்காலம் வழிகாட்டியின் வீட்டுக்குப் போனபோது சில கண்ணிலேயே பட்டன. வீடு கன்சர்வன்சி எல்லைக்கு வெளியே. குத்தகைக்கு விட்டபோது உள்ளிருந்து பெயர்ந்து வந்தவர்கள் எல்லோரும் அந்த ஓரத்தில்தான் கட்டியிருக்கிறார்கள். தகரக் கூரைகள் நெருங்கி நிற்கின்றன, புல் மொட்டையாக இருக்கிறது. பட்டிக்கு முள்வேலி போய்க் கம்பிவலை வந்திருக்கிறது. கன்றுகளுக்கு உள்ளே தனித் தடுப்பு. பெரியவர் வாசலில் நின்று, மணி ஒலிக்க உள்ளே நுழையும் மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. பால் கறப்பதும் வீட்டை மெழுகுவதும் அம்மாவின் வேலை. பட்டாவில் அவர் பெயர் இல்லை. மாராவில் பெரும்பாலான பட்டாக்கள் ஆண்கள் பெயரிலேயே இருக்கின்றன, பணமும் அவர்கள் கணக்குக்கே போகிறது. நிலம் பிரித்த பிறகு வயதுக்கு வந்த பிள்ளைகளுக்குப் பட்டாவும் இல்லை, குத்தகையும் இல்லை. கன்சர்வன்சியில் சேராத பக்கங்களில் கம்பிவேலிகள் பெருகுவதை, செயற்கைக்கோள் படங்களை வைத்து 2017இல் ஓர் ஆய்வு எச்சரித்திருக்கிறது. அங்கே வேலி போடுபவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு யாரும் குத்தகை பேச வரவில்லை.

2020இல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சோதனை வந்தது. விமானம் நின்றது, கூடாரங்கள் காலி. நிலையான தொகை என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்களே ஆட்டம் கண்டன. பல கன்சர்வன்சிகளில் குத்தகையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து வந்த உதவியும் கடனும் தாங்கிப் பிடித்தன. சுற்றுலா ஒன்றையே நம்பி ஒரு நிலத்தைக் காப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மாடு அவர்களைக் கைவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் குத்தகையின் பக்கம்தான். வேட்டைத் தடை வந்த 1977க்கும் 2016க்கும் இடையில் கென்யாவின் மேய்ச்சல் நிலங்களில் காட்டு விலங்குகள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. அந்த நாட்டு விலங்குகளில் பாதிக்கும் மேல் வாழ்வது பூங்காக்களுக்கு வெளியே. தடைச் சட்டம் சுடுகிறவனை நிறுத்தும், உழுகிறவனை நிறுத்தாது. நிலத்துக்காரர் விலங்கை வைத்துக்கொள்வதற்குப் பணத்தில் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் தர்மமாக வரக்கூடாது, கேட்டு வாங்கும் உரிமையாக, கையெழுத்துப் போட்ட தாளில் வர வேண்டும்.

ஆகவே, போகத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. டிராவல்ஸ்காரரிடம் 'சிங்கம் தெரியுமா' என்று கேட்காதீர்கள், தெரியும். தங்குமிடம் ரிசர்விலா கன்சர்வன்சியிலா என்று கேளுங்கள். 'கன்சர்வன்சியை ஒட்டி' என்று இழுத்தால், வெளியே என்று அர்த்தம். உள்ளே என்றால், குத்தகை பட்டாதாரர் கணக்குக்கு நேரே போகிறதா, வழிகாட்டிகள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள். கன்சர்வன்சி கட்டுப்படியாகாதவர்கள் ரிசர்வுக்குப் போவதில் பாவம் ஒன்றும் இல்லை. அங்கே விலங்குக் கூட்டம் குறையாது, வண்டிக் கூட்டமும் குறையாது.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: ஏப்ரல் மாதக் குத்தகை போய்ச் சேர்ந்ததா? ஏப்ரலில் அங்கே பெருமழை. வண்டி சேற்றில் புதையும், விருந்தாளி வரமாட்டார், பாதிக் கூடாரம் மூடிக் கிடக்கும். அந்த மாதமும் பணம் தவறாமல் போகிறது என்று பதில் வந்தால், தாராளமாக முன்பணம் கட்டலாம்.