ஒப்பந்தப் புதுப்பிப்பில் கரையும் பணிக்கொடை: அமீரக இந்திய ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரல் மாதம் புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. அதையொட்டி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஆசிரியர்களின் கவனம் பெரும்பாலும் ஊதிய உயர்வின் மீதே இருக்கும். ஆனால், பணியிலிருந்து விலகும் நாளில் கைக்கு வரும் பணிக்கொடையின் அளவையும் அந்த ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு அங்கு அரசு ஓய்வூதியம் இல்லை என்பதால், பலருக்குச் சட்டம் உறுதிசெய்யும் ஒரே முதுமைக்காலச் சேமிப்பு இந்தப் பணிக்கொடைதான்.

சட்டம் கூறுவது என்ன?

தனியார் துறைக்கான அமீரகத் தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய முழுநேர வெளிநாட்டு ஊழியருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படை ஊதியமும் வழங்கப்பட வேண்டும். மொத்தத் தொகை இரண்டு ஆண்டு ஊதியத்தைத் தாண்டக் கூடாது. ஊதியமில்லா விடுப்பு நாட்கள் கணக்கில் சேராது. பணி முடிந்த 14 நாட்களுக்குள் நிலுவை முழுவதும் வழங்கப்பட வேண்டும்.

1980-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், குறித்த கால ஒப்பந்தத்தில் உள்ளவர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாமாக விலகினால் பணிக்கொடையை இழக்க நேர்ந்தது. புதிய சட்டத்தில் அந்த வெட்டு இல்லை. எனவே ராஜினாமா செய்தால் பணிக்கொடை குறையும் என்ற அச்சம் இப்போது தேவையற்றது.

தொடர்ச்சி முறிந்தால் இழப்பு

ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டாலோ புதுப்பிக்கப்பட்டாலோ, புதிய காலம் பழைய பணிக்காலத்துடன் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும் என்பது சட்டத்தின் நிலை. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும்.

ஓர் ஆசிரியர் ஏழு ஆண்டுகள் பணியாற்றுகிறார் என்று கொள்வோம். முதல் நான்கு ஆண்டுகளில் அவரது அடிப்படை ஊதியம் மாதம் 2,000 திர்ஹாம். பின்னர் 3,000 திர்ஹாம். தொடர்ச்சி காக்கப்பட்டால், கடைசி அடிப்படை ஊதியத்தின்படி 165 நாட்களுக்கு 16,500 திர்ஹாம் கிடைக்கும். நான்காம் ஆண்டு முடிவில் கணக்கு முடிக்கப்பட்டால், அப்போது 5,600 திர்ஹாமும் இறுதியில் 6,300 திர்ஹாமும் சேர்ந்து 11,900 திர்ஹாம் மட்டுமே கிடைக்கும். இழப்பு 4,600 திர்ஹாம். முன்கூட்டியே கிடைத்த தொகையை முதலீடு செய்தாலும், இந்த இழப்பை ஈடுகட்ட அது மூன்றே ஆண்டுகளில் 10,200 திர்ஹாமாகப் பெருகியிருக்க வேண்டும்.

ஒரே குழுமத்தின் வேறொரு பள்ளிக்கு மாறும் ஆசிரியர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்தப் பள்ளி தனி உரிமத்தில் இயங்கினால், முந்தைய பணிக்காலம் தொடர்கிறதா, முடிக்கப்படுகிறதா என்பதை எழுத்துப்பூர்வமாகப் பெறுவது அவசியம்.

அடிப்படை ஊதியம் என்னும் இடைவெளி

வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி ஆகியவை பணிக்கொடைக் கணக்கில் சேர்வதில்லை. எனவே ஊதிய உயர்வைப் படிகளில் மட்டும் சேர்க்கும் பள்ளி, மாதச் சம்பளத்தைக் கூட்டினாலும் பணிக்கொடையைக் கூட்டுவதில்லை. இந்தியாவில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதற்கு ஒரு தடுப்பை வைத்துள்ளன. மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் படிகளாக இருந்தால், மிகுதி ஊதியமாகவே கருதப்படும். அமீரகத்தில் அத்தகைய பாதுகாப்பு இல்லாததால், பேரம் பேச வேண்டிய பொறுப்பு ஆசிரியரிடமே விடப்பட்டுள்ளது.

மாற்றுத் திட்டமும் முறையீடும்

2023-இல் அறிவிக்கப்பட்ட விருப்பச் சேமிப்புத் திட்டத்தில் சேரும் நிறுவனம், ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணியாற்றியோருக்கு அடிப்படை ஊதியத்தில் 5.83 சதவீதத்தையும், மற்றவர்களுக்கு 8.33 சதவீதத்தையும் மாதந்தோறும் முதலீட்டு நிதியில் செலுத்த வேண்டும். நிறுவனம் நலிவடைந்தாலும் பணம் தனி நிதியில் இருப்பது இதன் பலம். ஆனால் இங்கும் அளவுகோல் அடிப்படை ஊதியமே.

தகராறு எழுந்தால் அமீரக மனிதவள அமைச்சகத்தை அணுகலாம். 50,000 திர்ஹாம் வரையிலான கோரிக்கைகளில் 2024 முதல் அமைச்சகமே முடிவெடுக்கிறது. பணி முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் உரிமை கோர வேண்டும்.

தாயகம் திரும்பிய பின் வழக்கைத் தொடர்வது கடினம். கையெழுத்திடும் முன் முதல் பணியேற்பு தேதி, அடிப்படை ஊதியம், முந்தைய பணிக்காலத் தொடர்ச்சி ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக உள்ளனவா எனச் சரிபார்ப்பதே எளிய பாதுகாப்பு.